டெல்டாவிலிருந்து பாப் கச்சேரிக்கு: டிக்கெட், பயணம், கையால் செய்த பரிசு

பாப் கச்சேரிக்குப் போகும் திட்டத்தை இரவு 10 மணியில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம்தான். அதை நம்பி யாரும் டிக்கெட் விற்பதில்லை. ஆகவே பெரும்பாலான கச்சேரிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும். அதன்பின் மைதானத்தை விட்டு வெளியே வர, வண்டி பிடிக்க, ரயிலடிக்கோ பஸ் நிலையத்துக்கோ போக இரண்டு மணி நேரம் வையுங்கள். கும்பகோணத்துக்கோ மயிலாடுதுறைக்கோ திரும்புகிறவர் 11 மணி ரயிலுக்கு ரிசர்வ் செய்தால், கடைசி மூன்று பாட்டைக் கேட்காமலே கிளம்ப வேண்டியிருக்கும். அந்த மூன்றுக்காகத்தான் பாதிப்பேர் வந்திருப்பார்கள்.

ஊர்த் திருவிழாவில் பாயை விரித்து உட்கார்ந்து, தூக்கம் வந்தால் வீட்டுக்கு நடந்துவிடும் இன்னிசைக் கச்சேரியின் பழக்கம் இங்கே உதவாது. நான்கைந்து மணி நேரம் நிற்க வேண்டும், சோதனை வாசலைத் தாண்ட வேண்டும், முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு தோள் உரச வேண்டும். கையில் கொண்டுபோகும் பரிசும் இதையெல்லாம் தாங்குவதாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகளும் பொருட்களும் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

டிக்கெட்டும் ரயிலும்

டெல்டாக்காரருக்கு நடைமுறையில் இரண்டு ஊர்தான்: சென்னை, பெங்களூரு. சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் (2025 பிப்ரவரி 5 அன்று எட் ஷீரன் பாடியது இங்கேதான்), நேரு ஸ்டேடியம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துத் திறந்தவெளிகள். பெங்களூருக்கு மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை, திருச்சி வழியாக மைசூர் போகும் ரயில் இருக்கிறது.

டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாளே செயலியில் கணக்குத் தொடங்கி, தொலைபேசி எண்ணை உறுதிசெய்து, பணம் கட்டும் வழியையும் சேர்த்துவிடுங்கள். வரிசை எண் திரையில் வந்தபின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், எண் கடைசிக்குப் போய்விடலாம். தெரியாதவரிடம் பி.டி.எஃப். டிக்கெட் வாங்கவே வேண்டாம். ஒரே கியூ.ஆர். குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்பதுதான் அந்த மோசடி. முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போய்விடுவார், மற்ற ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். செயலியிலேயே பெயர் மாற்றித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்கலாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கச்சேரி டிக்கெட் அதற்கும் முன்பே விற்றுவிட்டால், காலண்டரில் அறுபதாவது நாளைக் குறித்து வைத்து அன்று காலை எட்டு மணிக்கே உட்காருங்கள். பெரிய கச்சேரிகள் மழைக்காலம் முடிந்து தை, மாசியில்தான் அதிகம் வரும். பொங்கல் வாரத்தில் வந்து விழுந்தால் ரயிலை மறந்துவிட்டு பஸ்ஸைப் பாருங்கள்.

போவதற்கு உழவன் எக்ஸ்பிரஸ் சரியான வண்டி. இரவில் ஏறினால் காலையில் சென்னை, பகல் முழுக்க ஓய்வெடுக்கலாம். திரும்ப, மறுநாள் காலை எழும்பூரில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் நிம்மதி. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை எல்லாம் அதன் வழியிலேயே வருகின்றன. அன்றிரவே திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். நந்தனம் மைதானத்துக்கு, எழும்பூரில் இறங்கியவர்கள் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறிக்கொள்ளலாம். தாம்பரத்தில் இறங்கியவர்கள் மின்சார ரயிலில் கிண்டி வந்து மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் நந்தனம். கடைசி மெட்ரோ இரவு 11 மணியை ஒட்டி இருக்கும், அன்றைய நேரத்தைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பாட்டு தொடங்கும் நேரத்துக்கு அல்ல. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த பெரிய கச்சேரியில், கையில் டிக்கெட் வைத்திருந்த பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமலே திரும்பினார்கள். ஒற்றைச் சாலையை நம்பியிருக்கும் இடமென்றால் மூன்று மணி நேரம் முன்பே போனாலும் தவறில்லை.

என்ன பரிசு செய்யலாம்

ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கைவேலைப் பரிசு கொடுத்துக்கொள்ளும் வழக்கம் கொரிய பாப் கூட்டங்களில் நெடுநாளாக உண்டு. 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் சுற்றுப்பயணம், மணி கோத்த பிரேஸ்லெட்டை மாற்றிக்கொள்வதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. இப்போது எந்தப் பாடகரின் கச்சேரியிலும் வரிசையில் நிற்கும்போது யாராவது கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.

சோதனை வாசலில் நிற்காமல் போக வேண்டுமானால் பரிசில் உலோகமுனை, குச்சி, கண்ணாடி, திரவம், தின்பண்டம் எதுவும் கூடாது. தஞ்சாவூர் நெட்டி (நீர்ச்செடியின் மென்மையான தண்டு) வேலை அழகுதான், 2020-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் நெட்டி நசுங்கிவிடும். தலையாட்டி பொம்மைக்கும் அதே கதி. இவற்றை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மைதானத்துக்கு வேண்டாம். கூட்டத்துக்குத் தோதானவை மூன்று: மணி பிரேஸ்லெட், வாழைநார்ச் சரடு, அட்டை விசிறி.

மணி பிரேஸ்லெட்

இருபது பிரேஸ்லெட்டுக்கு வேண்டியவை: 0.8 மி.மீ. எலாஸ்டிக் நூல் 10 மீட்டர் சுருள் ஒன்று, 4 மி.மீ. உருண்டை மணி சுமார் 700, எழுத்து மணி 150-க்குக் குறையாமல், சின்னக் கத்தரி, ஒட்டும் டேப். தஞ்சை கீழவாசலிலோ திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக்கடை வீதியிலோ உள்ள ஃபேன்சி ஸ்டோர்களிலும் தையல் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

நூலின் பருமன் முக்கியம். 0.5 மி.மீ. நூல் கூட்டத்தில் யாராவது கையை இழுத்தால் அறுந்துவிடும். 1 மி.மீ. நூல் மணியின் துளைக்குள் முடிச்சை ஒளிக்க விடாது. 0.8 இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கும்.

அளவுக் கணக்கு இது. மணிக்கட்டின் சுற்றளவோடு 1.5 செ.மீ. கூட்டினால் கோத்த நீளம் வரும். பெரும்பாலான பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் மணிக்கட்டு 16 செ.மீ. அளவில் இருக்கும், அப்படியானால் கோக்க வேண்டியது 17.5. யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று தெரியாததால் இருபதில் பன்னிரண்டை 17.5-இலும், ஆறை 19.5-இலும், குழந்தைகளுக்கு இரண்டை 15-இலும் செய்யுங்கள்.

வட்டமான எழுத்து மணி நூலில் 7 மி.மீ. இடம் பிடிக்கும். 'காவேரி' என்று ஆங்கில எழுத்தில் கோத்தால் ஆறு மணி, 42 மி.மீ. 175-இல் மிச்சம் 133; நான்கால் வகுத்தால் 33 உருண்டை மணி. எழுத்துக்கு இடப்பக்கம் 16, வலப்பக்கம் 17. கடையில் 4 மி.மீ. என்று விற்கும் தட்டையான மணியை வாங்கிவிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும். அதன் குறுக்களவுதான் 4, நூலின் நீளவாக்கில் 3-தான் இருக்கும்; அப்போது 44 மணி வேண்டும். பத்து மணியைக் கோத்து அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். மயிலாடுதுறைக்காரர்கள் ஊர்ப்பெயரை முழுதாகப் போட நினைத்தால் பதினான்கு எழுத்து, 98 மி.மீ. ஆகும். கையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடிவிடும், ஒரே பார்வையில் படிக்க முடியாது. 'மாயவரம்' என்று போடுங்கள், ஒன்பதில் முடியும்.

இன்னொரு சிக்கல், கலப்புப் பாக்கெட்டில் எல்லா எழுத்தும் ஏறக்குறைய சமமாக வரும். நம் ஊர்ப்பெயர்களோ ஆங்கில 'ஏ' (A) எழுத்தைத் தின்று தீர்ப்பவை. ஐந்தாவது பிரேஸ்லெட்டிலேயே 'ஏ' காலியாகிவிடும். ஒரே எழுத்துப் பாக்கெட் கிடைத்தால் 'ஏ' தனியாக ஒன்று வாங்கி வையுங்கள். எழுத்து வெறும் அச்சாக இருக்கிறதா, பள்ளமாக வெட்டி நிறம் ஊற்றியதா என்றும் பாருங்கள். வெறும் அச்சு சானிடைசர் பட்டால் அழிந்துவிடும்.

கோக்கும் முறை:

1. நூலை 30 செ.மீ. வெட்டுங்கள். இரண்டு முனையையும் பிடித்து நான்கைந்து முறை மெதுவாக இழுத்து விடுங்கள். இதைச் செய்யாமல் கோத்தால் ஒரு வாரத்தில் நூல் தானே தளர்ந்து மணிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும்.

2. ஒரு முனையில் டேப்பை மடித்து ஒட்டுங்கள், மணி நழுவாது. எழுத்துகளை முதலில் மேசையில் அடுக்கி, தலைகீழாக இல்லை என்று பார்த்த பிறகு கோத்துவிடுங்கள்.

3. கடைசி மணியாகத் துளை சற்றே பெரிய மணி ஒன்றை வையுங்கள், முடிச்சு அதற்குள்தான் போகப் போகிறது.

4. இடது முனையை வலதின் மேல் போட்டு ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். பிறகு வலதை இடதின் மேல் போட்டு அதே போல் இரண்டு சுற்று. எலாஸ்டிக் வழுக்கும் சரக்கு, ஒற்றைச் சுற்று முடிச்சு வியர்வையில் அவிழ்ந்துவிடும். இறுக்கும்போது நூல் லேசாக நீண்டிருக்க வேண்டும்.

5. முனைகளை 3 மி.மீ. விட்டு நறுக்கி, முடிச்சைப் பெரிய துளை மணிக்குள் இழுத்து மறையுங்கள். ஐந்து முறை விரித்துப் பார்த்துத் தாங்கினால் சரி.

முடிச்சில் ஃபெவிக்விக் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். அது காய்ந்து கல்லாகி, பக்கத்தில் இருக்கும் எலாஸ்டிக்கையும் விறைக்க வைத்து, முதல் இழுப்பில் அங்கேயே ஒடித்துவிடும். முடிச்சு சரியாக விழுந்தால் பசையே தேவையில்லை.

வாழைநார்ச் சரடு

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. பூக்கடையில் பூக்கட்டும் நாரே போதும். ஒரு கட்டில் பத்துப் பதினைந்து சரடு வரும். மணி பிரேஸ்லெட்டுக்கு மத்தியில் இதைக் கொடுத்தால் வாங்குகிறவர் நின்று பார்க்கிறார். அதனாலேயே ஐந்தாறாவது செய்துகொண்டு போவது நல்லது.

நாரைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, துண்டில் ஒற்றி, ஈரப்பதமாக மட்டும் வையுங்கள். சொட்டச் சொட்டப் பின்னினால், ஈரத்தில் உப்பிய நார் காயும்போது சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும். 40 செ.மீ. நீளத்தில் ஆறு இழை எடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரு முனையை முடிந்து, ஜன்னல் கம்பியில் கட்டிச் சடை பின்னுவது போலப் பின்னுங்கள். இரண்டு பக்கமும் 8 செ.மீ. விட்டு முடிச்சுப் போட்டால் கட்டிக்கொள்ள வால் கிடைக்கும். பின்னிய சரட்டின் அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓர் இரவு நிழலில் காயவிடுங்கள்.

நடுவில் வண்ணம் வேண்டுமா? திருபுவனம் பக்கம் தறி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் கழிவுப் பட்டு நூல் கேளுங்கள். நூலின் ஒரு முனையைக் கொக்கி போல் மடித்துச் சரட்டின் மேல் படுக்க வைத்து, அதன் மேலேயே நெருக்கமாக 15 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய முனையைக் கொக்கியின் வளையத்துக்குள் நுழைத்து, மறுபக்கத்து வாலைப் பிடித்து இழுத்தால் வளையம் சுற்றுக்குள் போய் மறையும். பாதி தூரம் போனதும் நிறுத்திவிடுங்கள். முழுக்க இழுத்தால் மறுபக்கம் உருவி வந்துவிடும். இரண்டு வாலையும் ஒட்ட நறுக்குங்கள்.

மஞ்சளில் சாயம் போடாதீர்கள். வெயிலில் வெளிறும், வியர்வையில் அடுத்தவர் வெள்ளைச் சட்டையில் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் செய்வதென்றால் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்க வேண்டாம், நாரில் பூசணம் பிடிக்கும். காகித உறை போதும்.

அட்டை விசிறி

வரிசையில் நிற்கும்போது இதற்குத்தான் உண்மையான கிராக்கி. 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டையில் 18 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே 2.5 செ.மீ. துளை போட்டால் கட்டைவிரல் நுழையும், குச்சி வேண்டாம். ஏ4 தாளில் ஒன்றுதான் வரும். அட்டைக் கடையில் பெரிய தாளாக வாங்கி வெட்டுவது லாபம். மேலே படம் ஒட்டினால் பசைக்குச்சி பயன்படுத்துங்கள். ஃபெவிகாலின் ஈரத்தில் அட்டை ஓடு போல் வளைந்துவிடும். பாட்டு நடக்கும்போது விசிறியைத் தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் நிற்பவர் சும்மா இருக்கமாட்டார், நியாயமும் அவர் பக்கம்தான்.

கொடுக்கும் முறை

பிரேஸ்லெட்டுகளை டப்பாவில் வைத்துக்கொண்டு நின்றால் வியாபாரம் என்றே நினைப்பார்கள். காவலுக்கு நிற்பவரும் அப்படித்தான் விரட்டுவார். கையில் ஏழெட்டு மாட்டிக்கொண்டு, மிச்சத்தைத் துணி வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிடுங்கள். பேச்சைத் தொடங்கும்போதே காசில்லை என்று சொல்லிவிட வேண்டும்: "அக்கா, நானே செஞ்சது, ஃப்ரீதான், ஒண்ணு எடுத்துக்கங்க." அவரிடமும் பிரேஸ்லெட் இருந்தால் "மாத்திக்கலாமா?" போதும். இல்லாதவரிடம் பதிலுக்கு எதிர்பார்க்காதீர்கள். வாங்க மறுத்தால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் முன் கூட வந்தவரைக் கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழென்றால் மணி வேண்டாம், விழுங்கிவிடும்.

கொடுக்க ஏற்ற நேரம் வாசல் வரிசையும், பாட்டு தொடங்குவதற்கு முந்தைய காத்திருப்பும். விளக்கு அணைந்தபின் யாரும் கவனிக்கமாட்டார்கள். மேடையை நோக்கி எதையும் வீசாதீர்கள். 2023 ஜூனில் நியூயார்க்கில் ஒரு ரசிகர் வீசிய கைபேசி பாடகி பீபி ரெக்ஸாவின் முகத்தில் பட்டுக் காயமானது. மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் தன்னார்வலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கு அவர்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எங்கே நிற்பது, காதை எப்படிக் காப்பது

மேடைக்கு மிக அருகில் நின்றால் பாடகர் தெரிவார், பாட்டு தெளிவாகக் கேட்காது. தரையில் வைத்த பேஸ் பெட்டிகள் நெஞ்சில் இடிக்கும், குரல் தலைக்கு மேலே தாண்டிப் போகும். ஒலியமைப்பு ஆட்கள் மிக்ஸர் (ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் கருவி) வைத்திருக்கும் மேடை மைதானத்தின் நடுவில் இருக்கும். அவர்கள் கேட்டு அமைக்கும் ஒலி அங்கேதான் சீராக விழும். அதன் முன்புறமோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். நூறு மீட்டர் பின்னால் போனால் ஒலி வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும், மேடையில் பார்க்கும் அசைவோடு ஒட்டாது.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது கணக்கு 15 நிமிடத்தில் நிற்கிறது. கச்சேரியோ இரண்டரை மணி நேரம். மருந்துக்கடையில் விற்கும் நுரை காதடைப்பான் போதும். சுத்தமான விரலால் மெல்லிய குச்சி போல் உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். விரலை உடனே எடுத்தால் நுரை வெளியே உப்பி வந்து பாதிக் காதைத்தான் அடைக்கும். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காது என்று பெருமை பேசுவதில் பயனில்லை, காது பழகுவதில்லை.

கூட்டம் நெருக்கி, கையைத் தூக்க முடியவில்லை என்றால் பாட்டை விட்டுவிட்டு வெளியேறும் நேரம் அது. இரண்டு கையையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். தள்ளுமுள்ளை எதிர்த்துத் தள்ளாமல், அலை அடங்கும் இடைவெளியில் குறுக்குச்சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள், கைபேசியே ஆனாலும்.

பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை, செல்ஃபி குச்சி ஆகியவற்றைப் பல இடங்களில் வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. டிக்கெட்டில் இருக்கும் பட்டியலை முதல்நாளே படியுங்கள். மைதானத்துக்குள் சிக்னல் படுத்துவிடும் என்பதால் டிக்கெட்டை முன்பே இறக்கி வைப்பதோடு, கூட வந்தவர்களோடு சந்திக்கும் இடத்தையும் வாயால் பேசி முடிவுசெய்யுங்கள். "கேட்டுக்கிட்ட" என்று சொன்னால் எந்தக் கேட் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பியபின் காதில் 'கொய்ங்' சத்தம் ஓரிரவில் அடங்கிவிட்டால் கவலையில்லை. இரண்டு நாள் தாண்டியும் இருந்தாலோ, ஒரு காது மட்டும் மந்தமானாலோ தள்ளிப்போடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. திடீரெனக் காது மந்தமாவதற்குச் சிகிச்சை முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பலன் தரும்.